எதற்கென்று கேட்காத சந்தை

ஷென்சென் மின்பொருள் சந்தையில் யாரிடமும் எதற்கு என்று கேட்கக்கூடாது. கேட்டால், "உனக்கெதுக்குய்யா?" என்று மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்வார்கள். அங்கே ரிப்பேர் கடை வைத்திருக்கும் குவாங் வெய்மிங்கும் கேட்கவில்லை. வந்தவனின் லேப்டாப்பைப் பிரித்து, யுஎஸ்பி துளைக்கு மின்சாரம் அளவு மீறிப் போகாமல் தடுக்கும் பொடிசான ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் செம்புக் கம்பியைப் பற்றவைத்தார்.

"தம்பி, இனி எதைச் சொருகினாலும் கரண்ட் பிச்சுக்கிட்டுப் போகும்!"

"நன்றி மாஸ்டர். ரூம்ல ஹீட்டர் போடக்கூடாதுன்னுட்டான் ஓனர். பொண்டாட்டிக்குப் பிரசவம் ஆன மாசம் குளிர் படக்கூடாதில்ல? இனிமே குழந்தைக்கு அடியில போட்டிருக்கற யுஎஸ்பி சூட்டு மெத்தை நல்லா சூடாகும். லேப்டாப்பையும் போர்வைக்குள்ளயே வெச்சிடுவேன்."

சொல்லிக்கொண்டே அவன் கூட்டத்தில் கலந்துவிட்டான். வெய்மிங் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு எழுந்தார்.

"ஏய் தம்பி, நில்லு!"

படிக்கட்டு வரை ஓடினார். கீழே எங்கு பார்த்தாலும் கறுப்புத் தலைகள். பெயர் தெரியாது, இருக்கும் இடம் தெரியாது. அதையும்தான் அவர் கேட்கவில்லையே.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தவரைப் பார்த்துப் பக்கத்துக் கடை லூ சிரித்தாள்.

"என்ன அண்ணே, எதையாவது விட்டுட்டுப் போயிட்டானா?"

மேசையில் கிடந்த ஃபியூஸை வெய்மிங் விரல்நுனியில் ஒற்றி எடுத்துக் காட்டினார்.

"இதை."