மூலக்கதை

1

இந்தக் கதைக்கு மூலம், மூலம்தான். இந்தச் சிலேடையை முதல் வரியிலேயே செலவழித்துவிடுகிறேன். பின்னால் கை அரிக்காது. அண்ணனுக்கு மூலத்துக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அண்ணி வேலைக்குப் போகும் நேரத்தில் துணைக்கு இருக்க நான் பத்து நாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பத்து நாள் முடிந்து நான் கிளம்பும்போது அண்ணி சொன்னார்:

"எழுதணும்னா எழுதுங்க தம்பி. ஆனா கழுத்துல ஆபரேஷன்னு மாத்திடாதீங்க. மறைச்சு மறைச்சுத்தான் இவ்வளவும்."

2

முதலில் எழுதிய தொடக்கம்: "வலி என்பது உடல் பேசும் மொழி. அந்த மொழியின் இலக்கணம்..."

(விட்டுவிட்டேன். அண்ணனின் உடல் பேசவில்லை, கத்தியது.)

இரண்டாவது: "இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்தே சம்பாதித்த பேருந்து ஓட்டுநர் ஒருவர், உட்கார முடியாமல் ஒருக்களித்துப் படுத்திருந்தார்."

இது பரவாயில்லை. இங்கிருந்தே போகிறேன்.

3

மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது செவிலியர் ஒவ்வொன்றாக விரல் மடக்கிச் சொன்னார். வலி மாத்திரையை நேரத்துக்குப் போட வேண்டும், அதுவும் சாப்பிட்ட பிறகு. நாளுக்கு மூன்று முறை வெதுவெதுப்பான நீரில் பதினைந்து நிமிடம் உட்கார வேண்டும். நிறையத் தண்ணீர், காய், பழம். படுக்கப் போகும்முன் ஒரு மூடி இனிப்பு மருந்து, மலம் இளகும்.

அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து ஒன்றையும் செய்யவில்லை.

"மாத்திரையெல்லாம் பழகிடும்டா. தாங்கிக்கலாம்."

தாங்கினார். தலையணை உறையைக் கடித்துக்கொண்டு தாங்கினார். (இந்த இடத்தில் அவருக்குக் கொஞ்சம் வீரம் சேர்க்கப் பார்த்தேன். ஒட்டவில்லை. அது பயம். சாப்பிட்டால்தானே கழிப்பறைக்குப் போக வேண்டும்? அதனால் சாப்பாட்டையே நிறுத்திவிட்டார்.)

4

இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கை வராத பாத்திரம் ஒன்று உண்டு: தம்பி. எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். எடுத்தால் கதை நிற்காது.

அண்ணிக்குச் சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் தைக்கும் வேலை. காலை எட்டு மணிக்குப் போனால் மாலை ஐந்தாகும். இருவருக்கும் சமைத்து மூடி வைத்துவிட்டுப் போவார். ராத்திரி அண்ணியிடம் மதியம் சாப்பிட்டதே செரிக்கவில்லை என்று சமாளிக்கும் அண்ணன், மதியம் தன் தட்டை என் பக்கம் தள்ளுவார்.

"நீ சாப்பிட்டுடு. அவகிட்ட சொல்லாத."

நான் சாப்பிட்டேன். சமையல் நன்றாக இருந்தது. (காரணம் இதைவிடக் கௌரவமாக ஏதாவது இருந்தால் எழுதியிருப்பேன்.)

5

நான்காம் நாள் மாலை. அண்ணி உள்ளே நுழையவும், அண்ணன் கட்டிலைவிட்டு எழவும் சரியாக இருந்தது. எழுந்தவர் கண் இருட்டிச் சுவரில் சாய்ந்தார். தோள்பையைக்கூடக் கழற்றாமல் அண்ணி ஓடிப் பிடித்துப் படுக்க வைத்தார்.

"என்ன சாப்பிட்டீங்க?"

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"நான்தான் சாப்பிட்டேன் அண்ணி. வந்த நாளா, அவர் பங்கையும் சேர்த்து."

அண்ணி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. (சொல்லியிருக்கலாம். எழுத வசதியாக இருந்திருக்கும்.) செவிலியருக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"வலி ஏறினப்புறம் மாத்திரை போட்டா, பஸ் கிளம்பினப்புறம் பின்னாடி ஓடற மாதிரிங்க," என்றார் செவிலியர். "பட்டினி கிடந்தா மலம் இறுகும். இறுகினா கிழிக்கும். எதுக்குப் பயந்தீங்களோ அதை நீங்களே வரவழைக்கிறீங்க."

அண்ணன் மெதுவாகக் கேட்டார்: "முதல் தடவை வலிக்குமா சிஸ்டர்?"

"வலிக்கும். பொய் சொல்ல மாட்டேன். சொன்னதைச் செஞ்சா தாங்கற அளவுக்குத்தான் வலிக்கும். லேசா ரத்தம் வரும், பயப்படாதீங்க. நிக்காம வந்தாலோ, காய்ச்சல் அடிச்சாலோ, நாளைக்கும் இப்படித் தலை சுத்தினாலோ உடனே வந்துடுங்க."

அன்றைக்கு அண்ணன் சாப்பிட்டார். மாத்திரை போட்டார். அண்ணி வாங்கி வந்த அகலமான பேசினில்* வெந்நீர் விளாவி உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் அவர் விட்ட பெருமூச்சு கூடத்துக்குக் கேட்டது.

* உருக்கத்துக்காக, மகள் குழந்தையாக இருந்தபோது குளித்த பேசின் என்று எழுதியிருந்தேன். அவர்களுக்கு மகள் இல்லை.

6

ஆறாம் நாள் காலை அண்ணி அரை நாள் விடுப்புச் சொன்னார். கழிப்பறைக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"மூச்சைப் பிடிக்காதீங்க. முக்காதீங்க. தானா வரட்டும்."

"நீ வேற, சும்மா இரு."

பிறகு ஒரு "அம்மா". பிறகு தண்ணீர்ச் சத்தம்.

"முடிஞ்சுது," என்றார் அண்ணன். குரல் சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது.

அண்ணி பேசினை நிரப்பி அவரை உட்கார வைத்தார். கதவு பாதி திறந்திருந்தது. கூடத்தில் நான் செய்தித்தாளைப் பிடித்திருந்தேன்; பக்கம் திருப்பவில்லை.

"எத்தனை நாளா ரத்தம் போச்சு?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"அதான் பேன்ட்டையெல்லாம் நீங்களே துவைச்சீங்களா?"

"ம்."

"நான் என்ன நினைச்சேன் தெரியுமா?" அண்ணியின் குரல் உயரவில்லை. "வேற ஒருத்தி இருக்கான்னு நினைச்சேன். ரெண்டு வருஷமா."

7

அண்ணன் என்ன பதில் சொன்னார்?

அண்ணனைக் கேட்டால், "மன்னிச்சுடும்மான்னு சொன்னேன்டா" என்கிறார். அண்ணியைக் கேட்டால், "எங்க தம்பி! 'தண்ணி ஆறிடுச்சு'ன்னார்" என்கிறார். கூடத்தில் இருந்த எனக்குக் கேட்டது ஒரு சத்தம் மட்டும்தான். சிரிப்பா அழுகையா, தெரியவில்லை. இரண்டு பேருடையது என்பது மட்டும் நிச்சயம்.

புண் ஆறியது. ஆறு வாரம் கழித்து அண்ணன் மீண்டும் பேருந்து ஓட்டினார். கதையை அங்கே முடித்திருக்கலாம், முடித்தும் பார்த்தேன். ("சக்கரங்கள் உருண்டன. வாழ்க்கையும்..." வேண்டாம்.) அண்ணி படித்துவிட்டு, "புண்ணு ஆறின கதையை டாக்டர் சீட்டுலயே எழுதிட்டாரே" என்றார்.

இரண்டு வருடம் சந்தேகத்தை மென்று விழுங்கிக்கொண்டு, ஒரு நாளும் கேட்காமல் சாப்பாடு போட்டவருக்கு, பேசினில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் என்ன சொல்ல முடியும்? நான் கல்யாணம் ஆகாதவன். பதில் உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். வாக்கியத்தைத் தொடங்கிக் கொடுக்கிறேன். முடிப்பது உங்கள் பாடு.

அண்ணன் பேசினின் விளிம்பை இரு கையாலும் பிடித்துக்கொண்டு, தலை நிமிராமல், சொன்னார்: