வாப்பா எழுதியதாகப் போடப்போகும் பக்கம்

1

இந்தக் கதை ஒரு கல்யாண வீட்டில், ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிட்ட சஹன் தட்டுக்கு முன்னால் பிறந்தது. வாசலில், கண்ணாடிச் சட்டத்துக்குள், மணமகளுக்கு ஒரு வாழ்த்துப்பா தொங்கியது. எங்கள் பக்கத்தில் கல்யாணமோ இடமாற்றமோ ஹஜ்ஜுப் பயணமோ, வாழ்த்துப்பா இல்லாமல் ஒன்றும் நடக்காது. இது நல்ல எழுத்து. கீழே ஒரு பெரிய மனிதரின் பெயர். மனிசன் லீவுக் கடிதத்தையே ஆள் வைத்து எழுதுகிறவர். அப்படியென்றால் இதை எழுதியது யார்? ஒருவரும் கேட்கவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. எழுதிய அந்த ஆளுக்குப் பஸ்மினா என்று பெயர் வைத்தேன்.

2

முதல் வரி இப்படி இருந்தது: கல்முனைக் கடலில் சூரியன் மெல்ல இறங்கிய வேளை, பஸ்மினா

வெட்டிவிட்டேன். எங்கள் கிழக்குக் கடலில் சூரியன் இறங்குவதில்லை, ஏறுவதுதான். ஊரான் கதைகளை வாசித்துக் கெட்ட புத்தி.

இரண்டாவது: எழுத்து அவளுக்கு ஒரு தவ

சீ. உள்ளதைச் சொல்கிறேன். மருதமுனைப் பஸ்மினா நாவல் எழுதுகிறாள். அதற்கு நேரம் வேண்டுமென்றே உத்தியோகத்தைத் தேடி எடுத்தாள்.

3

ஆசிரிய நியமனமும் வந்தது, அரச அலுவலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தர் வேலையும் வந்தது. ஆசிரியை என்றால் திருத்தவேண்டிய கொப்பிகள் வீடுவரை வரும். அலுவலகத்தில் காலையில்தான் சனம். நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்தால் காக்கை குருவிகூட வராது.

"படிப்பிக்கிற வேலைய விட்டுப்போட்டு ஒபிசில கதிரையச் சூடாக்கவா போற?" என்றான் கணவன் முஸ்தாக்.

"ஓம். பின்னேரம் அங்க ஆக்கள் வாறல்ல. எனக்கு அதுதான் வேணும்."

(முஸ்தாக்கைக் கெட்டவனாக்கினால் எனக்கு வேலை இலகு. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் பிள்ளைகளைக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போய், அவளுக்கு வீட்டைக் காலியாக்கிக் கொடுக்கிறவனும் அவன்தான். ஆகவே முடியாது.)

முதல் மாதங்கள் நன்றாகப் போயின. ஜன்னலோரக் கதிரை, பின்னேரம், பேனை. அவளுக்கு வேறென்ன வேண்டும்?

4

பிறகு பிரதம எழுதுவினைஞர் கனகரெத்தினத்துக்கு இடமாற்றம் வந்தது. நல்ல மனிதர். பஸ்மினா ஆசையோடு ஒரு வாழ்த்துப்பா எழுதினாள். பிரியாவிடைக் கூட்டத்தில் அதை வாசித்தபோது மனிதர் கைலேஞ்சியால் முகத்தை மூடி அழுதார். சபையும் அழுதது. அவள் செய்த பிழை அதுதான். மோசமாக எழுதியிருக்க வேண்டும்.

அடுத்த நாளே தொடங்கிவிட்டது. பள்ளிவாசல் தலைவருக்கு ஒன்று. ஓய்வுபெறும் அதிபருக்கு ஒன்று. யாரோ ஒருவரின் மச்சான் ஹஜ்ஜுக்குப் போகிறாராம், அவருக்கும் ஒன்று.

"நாலு வரிதானே மிஸ். சும்மா இரிக்கிற நேரத்தில எழுதித் தாங்க."

சும்மா இருக்கிற நேரம்! ஒருத்தி தன் ஆயுளில் பிடுங்கிப் பிடுங்கிச் சேர்த்த நேரத்துக்கு இவர்கள் வைத்த பெயரைப் பாருங்கள். மேசனிடம் போய், சும்மாதானே நிற்கிறாய், நாலு கல் வைத்துத் தா என்று கேட்பார்களா? சாந்துக் கரண்டியாலேயே ஒன்று போடுவான். எழுதுகிறவளிடம் மட்டும் வாய் கூசாது.

5

ஹாதிக் சேர், அலுவலகத்தின் தலைவர். ஒருநாள் அவள் தேநீருக்குப் போன நேரத்தில் மேசையில் கிடந்த நாவல் பக்கத்தை எடுத்து வாசித்துவிட்டார். கல்யாணமாகும் மகளிடம் ஒரு வாப்பா பேசும் பக்கம். பஸ்மினா திருப்பித் திருப்பி எழுதி, ஒருவழியாகச் சரிவந்த பக்கம். அவளுடைய வாப்பா அவளிடம் ஒருநாளும் இப்படிப் பேசியதில்லை. பேச முன்னமே மௌத்தாகிவிட்டார்.

"ஒபிஸ் நேரத்தில கதையா மிஸ்?" என்றார்.

திரும்பி வந்தவள் பக்கத்தை வாங்கக் கை நீட்டினாள்.

"பரவாயில்ல, நல்லாரிக்கி. மகள்ற கலியாணம் வருது. இத அப்படியே வாழ்த்துப்பாவா எடுப்பம். கீழ, வாப்பா எண்டு என்ட பேரப் போடுவம்."

"அது நாவலுக்கு எழுதினது சேர். வேற ஒண்டு எழுதித் தாறன்."

"வேற வேணா. இதுதான் எனக்குப் புடிச்சிரிக்கி." போகிற போக்கில் சொன்னார்: "சவளக்கடைப் பக்கம் வெளிக்கள வேலைக்கி ஆள் கேட்டிரிக்காங்க. நீங்க எழுதுற ஆள், உங்கள அனுப்ப எனக்கு விருப்பமில்ல. நாளைக்கு அச்சுக்குக் குடுக்கணும்."

நாவல் எழுதினால் அரசாங்கத்து நேரத்தைத் திருடுகிறாள். அதையே அவருக்குக் கொடுத்தால் கடமை செய்கிறாள். எனக்கு இந்த இடத்தில் பேனை தாளைக் கிழித்துக்கொண்டு போகிறது.

6

முடிவு ஒன்று: கொடுத்துவிடுகிறாள். கதிரை தப்புகிறது, பின்னேரமும் தப்புகிறது. பிறகு நாவல் வெளிவரும் நாளில், "ஹாதிக் சேர்ர கவிதையக் களவெடுத்திரிக்கா" என்று ஊர் சொல்லும்.

முடிவு இரண்டு: மறுக்கிறாள். வெயிலில் வயல் வயலாக மோட்டார் சைக்கிளில் விவரம் எடுத்து, வீடு வந்து, சோற்றுக் கோப்பையில் கை வைத்தபடி தூங்கிப்போகிறாள். பக்கம் அவளுடையது. அதற்குப் பின்னால் வரவேண்டிய பக்கங்கள் வரவில்லை.

முடிவு மூன்று: முஸ்தாக் அலுவலகத்துக்குப் போய் சேரிடம் நியாயம்

இல்லை. ஆம்பிளை வந்து காப்பாற்றும் கதை எனக்கு வேண்டாம்.

7

ஆகவே நாளைக் காலை வந்துவிட்டது. அந்தப் பக்கம் பஸ்மினாவின் கையில் இருக்கிறது. ஹாதிக் சேரின் கதவு திறந்திருக்கிறது. "மிஸ், கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

நீங்களும் கேட்கிறீர்கள், பிறகு என்ன நடந்தது என்று. முடிவை எழுதித் தா, நாலு வரிதானே என்று. வாசித்து முடித்துவிட்டு எழுந்து போக உங்களுக்கு ஒரு முடிவு வேண்டும். நான் தரமாட்டேன். அவளிடம் கேட்டவர்களும் உங்களைப் போல மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

உங்களிடம் சும்மா இருக்கிற நேரம் இருக்குமே. நீங்களே எழுதுங்கள். எழுதி, கீழே உங்கள் சொந்தப் பெயரைப் போடுங்கள்.