வலமாகிப்போன இடக்கை

இக்காலத்து மாந்தர் எதையும் நேராய்ப் பார்ப்பதில்லை. பளபளக்கும் பலகையொன்றை முகத்துக்கும் உலகுக்கும் நடுவே பிடித்துக்கொண்டு, அதில் தெரிவதையே மெய்யென்று நம்பி, எதிரில் நிற்பவனை இடித்துத் தள்ளிவிட்டுப் போகிறார்கள். கதிரவன் எழுந்து, உயர்ந்த மாடங்களின் கண்ணாடிகளில் உருக்கிய பொன்னை வார்த்து, தெருவின் ஈரத்தை மெல்ல உறிஞ்சும் காலைப்பொழுதில் எங்கள் நகரைப் பாருங்கள், நயமறிந்து படிப்பவர்களே: சுவர்தோறும் விளம்பரம். ஒருநாளும் சட்டி கழுவாத கையொன்று கலம் துலக்கும் தூளைத் தூக்கிக் காட்டும்; முடி உதிர்வதென்றால் என்னவென்றே அறியாத தலையொன்று கூந்தல் எண்ணெய்க்குச் சான்று சொல்லும். அத்தனையும் பசப்பு.

அந்தப் பசப்பைக் கற்கத்தான் என் வீட்டுக்காரி கிளம்பினாள். பூத்தையலுக்குத் துணியில் கோடு கீறியே கண் பூத்தவள், பிள்ளைகள் தத்தம் குடும்பமென்று பிரிந்தபின், விளம்பர ஓவியப் பயிற்சிக்குப் போய், முதலில் தாளில் கரிக்கோலும் பின்னர்க் கணினிப் பலகையில் மின்கோலுமாய்ப் பழகினாள். தாளில் அவள் கீறியதை நம்பினேன். விரலில் கரி ஒட்டியிருந்தது. குழைக்காமல் வண்ணமும் தேய்க்காமல் அழிப்பும் தரும் அந்தப் பலகையை மட்டும், பால்சட்டிக்கருகே கண்மூடிக் கிடக்கும் பூனையைப் போலவே பார்த்தேன்.

பயிற்சியின் முடிவில், தொழிலாளர் கையுறைக்கு விளம்பரப்படம் வரைய வேண்டும். யார் படம் தேறுகிறதோ அவருக்கு விளம்பர நிறுவனத்தில் வேலை. தன் கையால் வரையாதவருக்கு வாசல் அடைப்பு. அவள் என் இடக்கையைக் கேட்டாள். மரமறுக்கும் வாள் இளமையிலேயே சுட்டுவிரலைக் கொண்டுபோன கை அது.

"ஆட்டாம வைங்க. கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தான் நடுங்கிச்சு."

"அன்னைக்கு உங்கப்பன் முறைச்சான். இன்னைக்கு நீ முறைக்கிற."

தேர்வு நாளில் நானும் உடன் போனேன். அகன்ற கூடத்தின் வெண்சுவரில், கையுறையை நோக்கி நீளும் கையாக அவள் படம் ஒளிர்ந்தது. நரம்பும் நகமும் சுட்டுவிரல் போன இடத்துத் தழும்பும் உயிரோடு துடித்தன. ஆனால் அது வலக்கை! இத்தனை காலமும் என் சோற்றைப் பிசைந்த வலக்கையில் ஐந்து விரலும் குறைவின்றி இருக்க, எவனுடைய கை இது? நெஞ்சில் புகைந்தது வாய்வழியே வெடித்தது.

"இது என் கை இல்ல! எவன் கையையோ எடுத்து ஒட்டியிருக்கா!"

கூடமே என் பக்கம் திரும்பிற்று. நிறுவனத்திலிருந்து தேர்வு செய்ய வந்த அம்மையாரின் முகத்திலும் என் ஐயம் தொற்றிக்கொண்டது. "நீங்க வரைஞ்சதுதானா?" என்றார். என் வீட்டுக்காரியின் முகம் வெளுத்தது. படத்தை உற்றுப் பார்த்தவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ரொம்ப நேரம் பாத்த கண்ணுக்குக் கோணல் தெரியாதும்மா. அதனால படத்தை இடம்வலமாத் திருப்பிப் போட்டுத் திருத்துவோம். திருத்திட்டு, பழையபடி திருப்ப மறந்துட்டேன்."

பொத்தானொன்றை அமுக்கினாள், சுவரில் கை புரண்டு என் இடக்கையாயிற்று.

"அமுக்கினா வலது இடதாகுதுன்னா, நாளைக்குப் போன விரலும் முளைக்குமா?" என்றேன்.

அவள் தாளையும் கரிக்கோலையும் எடுத்தாள். "கையைக் கொடுங்க" என்றாள். கொடுத்தேன். எல்லோரும் சூழ்ந்து நிற்க, சினத்தால் இறுகிய உதடும் தளராத கோடுமாய் அவள் வரைந்து முடித்தபோது, தாளில் இருந்ததும் சுவரில் இருந்ததும் ஒரே கை.

அம்மையார் தெளிந்தார்; தெளிந்தவர் சும்மா இருந்தாரா? "பிரமாதம். ஆனா வெட்டுப்பட்ட விரலைப் பாத்தா வாங்கறவங்க பயப்படுவாங்க. அதை மட்டும் வளர்த்துடுங்களேன்."

நான் சொன்னது நடந்தது பார்த்தீர்களா! கைக்கெட்டிய வேலை அந்த ஒரு விரலில் தொங்கியது. அவள் மின்கோலை எடுத்தாள், என் கையைப் பார்த்தாள், கீழே வைத்தாள்.

"அது வளராதும்மா. வளரும்னா கையுறை எதுக்கு?"

அம்மையார் அவள் சொன்னதைத் தன் குறிப்பேட்டில் எழுதினார். பிறகு, "அதையே படத்துக்குக் கீழே எழுதிடலாம். வேலைக்கு வந்துடுங்க" என்றார்.

என் வீட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினாள். "இப்பவாவது நம்புறீங்களா?"

"உன்னை நம்புறேன். அந்தப் பொத்தான் யார் கையில இருக்கும்?"

மறுமொழிக்குக் காத்திராமல் தெருவில் இறங்கினேன். கோடு மெய்யானதுதான், ஆனால் மெய்யை ஆக்குவதற்கு ஓர் ஆயுள் வேண்டியிருக்க, அதைப் புரட்டுவதற்கு ஒரு விரலே போதுமென்றால், எதை நம்பி நிற்பது? சுவர்களில் பொய்க்கைகள் வரிசையாய் என்னைக் கையாட்டி அழைத்தன. என் கைப்படத்தையும் இங்கே ஒட்டட்டும், ஒட்டிய அன்று வந்து விரல்களை எண்ணிப் பார்த்துக்கொள்கிறேன் என்று முனகியபடி, என் இடக்கையைச் சட்டைப்பைக்குள் பொத்திக்கொண்டு நடந்தேன்.