நாலு மார்க் கட்டுரை

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்த மறுநாளே மகேஸ்வரி டீச்சரின் டுடோரியலில் ஏஞ்சலின் சேர்ந்தாள். பெங்களூரில் ஐந்து வருடச் சட்டப் படிப்பு; அதற்கொரு நுழைவுத் தேர்வு. கொடுத்த பத்தியைத் துருவிப் படிக்க வேண்டும், ஒரு கட்சியில் நின்று வாதாடிக் கட்டுரை எழுத வேண்டும். 1998இல் திண்டுக்கல்லில் அதைச் சொல்லிக்கொடுக்க டீச்சரை விட்டால் ஆளில்லை.

“மொதல்ல தமிழ்ல வாதாடுங்க, இங்கிலீஷ் பின்னால வரும். உங்க வீட்ல இருக்கிற ஏதாவது ஒண்ணு வேணாம்னு ரெண்டு பக்கம் எழுதிட்டு வாங்க” என்றார் டீச்சர்.

வீட்டுக்கு வந்து ஏஞ்சலின் சுற்றிலும் பார்த்தாள். கிரைண்டர் வேண்டும். ஃபேன் கட்டாயம் வேண்டும். நாற்காலியில் அப்பா ராயப்பராஜ் தூங்கிக்கொண்டிருந்தார். மூச்சுக்கு மூச்சு அவர் மீசை ஏறி இறங்கியது.

ராயப்பராஜ் தனியார் பஸ் கம்பெனியில் டிக்கெட் செக்கர். மீசைக்கு வயது இருபத்திரண்டு. அது பஸ்ஸில் ஏறியதுமே டிக்கெட் எடுக்காதவர்கள் தாமாக இறங்கிவிடுவார்கள்.

ஏஞ்சலின் எழுதினாள். மீசை ரசத்தில் நனைகிறது. அதை முறுக்குவதிலேயே ஒரு மனிதன் வருடத்துக்குப் பதினொரு நாளை இழக்கிறான். அவன் சிரித்தாலும் வெளியே தெரிவதில்லை. அப்பா சிரித்ததே இல்லை என்று நினைத்துக்கொண்டு பிள்ளைகள் வளர்கிறார்கள்.

ஞாயிறு காலை மேஜைமேல் கிடந்த நோட்டை ராயப்பராஜ் எடுத்துப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். பிறகு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

சிறிது நேரம் கழித்துக் கூடத்தில் நின்ற ஆளைப் பார்த்து ராயப்பராஜின் மனைவி அமலராணி முந்தானையைச் சரிசெய்தாள். “உக்காருங்க. அவரு குளிக்காரு, வந்துருவாரு.”

“ஏட்டி, நாந்தான்!”

பாத்திரம் விழுந்த சத்தத்தில் ஏஞ்சலின் எழுந்து ஓடிவந்தாள்.

திங்கட்கிழமை ஆத்தூர் பஸ்ஸில் நிலைமை மோசமானது. “டிக்கெட்டக் காட்டுங்க” என்று கேட்டவரை ஒரு பெரியவர் ஏற இறங்கப் பார்த்தார்.

“நீ யாரு அப்பு?”

“செக்கர்.”

“செக்கருக்கு இம்புட்டு மீசை இருக்கும்ல?” என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். பஸ்ஸே ஆமோதித்தது. கண்டக்டரோ புதுசு, வேலைக்குச் சேர்ந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கடைசியில் ராயப்பராஜையே டிக்கெட் எடுக்க வைத்துவிட்டார்கள்.

சாயங்காலம் அமலராணி கணவனையும் மகளையும் கூட்டிக்கொண்டு டுடோரியலுக்குப் போனாள். “என்ன டீச்சர் சொல்லிக் குடுக்கிறீங்க? இந்த மனுசன் கோயிலுக்கு வந்தா ஃபாதரே யாருன்னு கேக்குறாரு!”

டீச்சர் திருத்திய நோட்டை எடுத்து நீட்டினார். பத்துக்கு நாலு.

ராயப்பராஜ் சிவப்பு மையையே பார்த்துக்கொண்டிருந்தார். “நாலு மார்க் கட்டுரைக்கா டீச்சர் நான் மீசைய எடுத்தேன்?”

“பதினொரு நாளுக்கு ஆதாரம் எங்க சார்? மீசையால ஒரு நன்மைகூடவா இல்ல? எதிர்க்கட்சி வாதமே கிடையாது. எடுக்குறதுக்கு முன்னாடி நீங்களாவது கேட்டிருக்கலாம்ல?”

“அந்தச் சிரிப்பு விசயம்...” என்று இழுத்தார் அவர்.

“அதுக்குத்தான் அந்த நாலு.”

வீட்டுக்கு வந்ததும் ராயப்பராஜ் மகளை உட்கார வைத்தார். “இப்ப மீசை வேணும்னு எழுதுறோம். போன திங்கக்கிழமை மீசையப் பாத்து ஏழு பேரு தானா எறங்குனாங்க, இன்னைக்கு ஒருத்தனும் இல்ல. எழுதிக்க தாயி.”

“ஒரு நாள வச்சு முடிவு பண்ண முடியாதுப்பா. செல்லாது.”

“மீசை வச்சா காது நல்லாக் கேக்கும்.”

“யாருப்பா சொன்னா?”

“நாந்தான்!” என்று சொன்னவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவுக்கு மேல் வரிசையில் ஒரு பல் கோணல் என்பது அன்றுதான் ஏஞ்சலினுக்குத் தெரிந்தது. அவர் சொன்ன பதினான்கு காரணங்களில் பன்னிரண்டை அவள் அடித்துவிட்டாள். மிச்சம் இரண்டுக்கு டீச்சர் எட்டு மார்க் போட்டார்.

மே மாதம் பெங்களூரில் தேர்வு நடந்தது. சாலையோர மரங்களை வெட்டலாமா என்பது தலைப்பு. இரண்டு கட்சியையும் அலசிவிட்டு வெட்டக் கூடாது என்று முடித்தாள். ஜூலையில் இடம் கிடைத்த கடிதம் வந்தது. கூடவே விடுதி விதிமுறைகள் ஆறு பக்கம்.

மகளைப் படிக்கச் சொல்லி அமலராணி கடைசி வரி வரைக்கும் கேட்டாள். பிறகு கவலையோடு நிமிர்ந்தாள்.

“இம்புட்டு எழுதியிருக்கான், சோத்துக்குத் தொட்டுக்க வெஞ்சனம் என்னன்னு ஒரு வரி இல்லையே?”