சொன்னதில் மூன்று கழித்து

பெரிய சிஸ்டர் படுத்திருந்த கட்டிலுக்கு நேர் எதிரே அந்தப் பாராட்டுச் சான்றிதழ் தொங்கியது. மருத்துவமனையிலேயே பிரசவ வலி மிகக் குறைவாகப் பதிவாகும் வார்டு என்று போன வருடம் கொடுத்தது. கண்ணாடி போட்டு மாட்டியவள் அவள்தான். இன்று அதே வார்டுக்குத் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள்.

வலி இடுப்பில் கிளம்பி முதுகைத் திருகிவிட்டுப் போனது. மூச்சு திரும்பியதும், பத்துக்கு எவ்வளவு வலி என்ற கேள்விக்கு, "எட்டு" என்றாள்.

சின்ன சிஸ்டர் அட்டையில் ஐந்து என்று எழுதினாள்.

"எட்டுன்னேன்டி!"

"கேட்டுச்சுக்கா. சொல்றதுல மூணக் கழிச்சாத்தான் நெஜக் கணக்குன்னு நீங்கதானே பழக்கிவிட்டீங்க?"

பழக்கியது உண்மைதான். பத்துக்கு ஏழு வந்தால்தான், முதுகில் ஊசி போட்டு வலியை அடக்கும் மயக்க டாக்டரைக் கூப்பிடலாம் என்பது வார்டு விதி. வருகிறவர்கள் எல்லோரும் பத்து, பத்து என்று கத்தவே, பெரிய சிஸ்டர் கண்டுபிடித்த வைத்தியம் இந்தக் கழித்தல். அப்போது அவளுக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை.

அடுத்த வலிக்குள் கணக்குப் போட்டு வைத்தாள். பத்தில் மூன்று போனால் ஏழு.

"பத்து!"

"எட்டுலேருந்து பத்துக்குத் தாவினா அது ஊசி ஆசை, இன்னும் ரெண்டு கழின்னு சொல்லியிருக்கீங்களேக்கா."

மறுபடியும் ஐந்து. இன்னும் கொஞ்ச நேரம் போனால் குழந்தை வந்துவிடும். பிறகு ஊசிக்கு வேலையில்லை. பெரிய சிஸ்டருக்கு அழுகை முட்டியது.

ஸ்டூலில் இருந்த மாமியார் எழுந்து சின்ன சிஸ்டர் பக்கம் திரும்பினாள். 'நாங்கல்லாம் ஊசி போட்டா பெத்தோம்' என்று ஆரம்பிக்கப் போகிறாள் என மருமகள் பல்லைக் கடித்தாள்.

"ஏம்மா, நான் நாலு பெத்தவ. எனக்குக் கூட்டத்தான் தெரியும், கழிக்கத் தெரியாது. டாக்டரை நீ கூப்பிடுறியா, நான் கூப்பிடட்டுமா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வராந்தாவில் அவள் போட்ட சத்தத்தில், பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மயக்க டாக்டர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

"இந்த வார்டுலேருந்து கூப்பிட்டு ரெண்டு மாசமாச்சு. இங்க யாருக்குமே வலிக்கிறதில்லைன்னு நெனச்சேன்."

"வலிக்க விடாத மகராசி இங்கதான் படுத்திருக்கா, தம்பி. ஊசியப் போடுங்க."

அரை மணி நேரத்தில் இடுப்புக்குக் கீழே வேறு யாருடைய உடம்போ போல இருந்தது.

"இப்போ எவ்வளவுக்கா?"

"ரெண்டு."

சின்ன சிஸ்டரின் பேனா நின்றது. "ரெண்டுல மூணு போகாதேக்கா."

"சொன்னதை அப்படியே எழுதுடி. இனிமே எல்லாருக்கும் அப்படித்தான்."

திரைக்கு அந்தப் பக்கக் கட்டிலிலிருந்து ஒரு அலறல் வந்தது. "பத்து, சிஸ்டர்! பத்து!"

"ஏழு" என்றது பெரிய சிஸ்டரின் வாய், தன் போக்கில்.

மாமியார் திரும்பிப் பார்த்தாள்.

"பத்து" என்றாள் அவசரமாக. "பத்துன்னே எழுது."