பாதித் தாள் காலியாக

பென்ஹாலோவைப் பற்றி யாராவது ‘உத்தமமான அதிகாரி’ என்று ஆரம்பித்தால் எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. ஏரிக்கரைக் காலனி அரசாங்கத்தில் அவர் தலைமைச் செயலர். ஒன்பது வருஷம் அவருடைய தட்டச்சுக்காரி நான், எனிட் டக்வெல். முப்பது வருஷ உத்தியோகத்தில் ஒரு கோப்பைக்கூட அவர் கசங்கவிட்டதில்லை. மனுஷத்தன்மையோ மருந்துக்கும் கிடையாது.

ஒரு வருஷம் மார்ச்சில், ரோடு போட வரமாட்டோம் என்று சொன்ன மீனவர்கள் நாற்பது பேரைத் தீவுச் சிறையில் அடைத்திருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை, தீவு அதிகாரி யார்ட்லியின் கடிதம் படகில் வந்தது. பென்சிலில், தாள் முழுக்க நெருக்கி எழுதியிருந்தான். சிறையில் காலரா, ஆறு பேர் செத்தாயிற்று, உடனே டாக்டரை அனுப்புங்கள் என்று கெஞ்சியிருந்தான்.

படித்துக் காட்டினேன். பென்ஹாலோ தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இடது பக்கம் பாதி காலியா விடணும்னு இவனுக்குத் தெரியாதா? நான் எங்க குறிப்பு எழுதறது, என் சட்டைக் கையிலயா?”

“காலரா சார்! டாக்டர் எதிர்ல கிளப்லதான் இருக்கார். ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.”

“மிஸ் டக்வெல், இன்னிக்கு ஓரம் விடமாட்டான், நாளைக்குக் கையெழுத்தே போடமாட்டான். திருப்பி அனுப்புங்க. ஒழுங்கா எழுதிட்டு வரட்டும்.”

படகு போக இரண்டு நாள், வர இரண்டு நாள். பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது! நானே கிளப்புக்கு ஓடியிருக்கலாம். செயலரைத் தாண்டி ஒரு தட்டச்சுக்காரி பேசுவதா என்று பயந்து, ‘உரிய வடிவில் மறுபடி சமர்ப்பிக்கவும்’ என்று அடித்து நீட்டினேன். கேக் தின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார். தூ!

சனிக்கிழமை பதில் வந்தது. மையில், முத்துமுத்தான எழுத்தில், இடது பக்கம் பாதி காலியாக.

“பாத்தீங்களா? சொன்னாப் புரியுது பயலுக்கு. படிங்க.”

படித்தேன். “‘முப்பத்தொரு பேர் இறந்துவிட்டார்கள். மற்ற ஒன்பது பேர் தேறிவிட்டார்கள். டாக்டர் இனித் தேவையில்லை. புதைகுழியில் கொட்டச் சுண்ணாம்பு பத்து மூட்டை அனுப்பவும்.’”

அவர் முகத்தில் ஈயாடவில்லை என்று சொல்லத்தான் எனக்கும் ஆசை. பேனாவைத் தோய்த்து, அந்தக் காலி இடத்தில் நிதானமாக எழுதினார்: ‘ஐந்து மூட்டை போதும்.’

“மூணு நகல் எடுங்க.”

எடுத்தேன். மூன்றிலும் ஒரு பிழை இல்லை.