ஒரே வீட்டுக் கிரெடிட்

"உன் கிரெடிட்டை அண்ணனுக்கு எழுதிக் குடுத்துடு," என்றார் பெரியப்பா.

அவள் சிரித்துவிட்டாள். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று பார்த்த பிறகுதான் அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்தது. பெரியம்மா தட்டில் கை வைத்தபடி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

"அதெல்லாம் எழுதிக் குடுக்கிற சமாச்சாரம் இல்ல பெரியப்பா."

"ஏன் இல்ல? தொழிற்பள்ளிக்கும் காலேஜுக்கும் இனிமே ஒரே கணக்குன்னு அரசாங்கமே சொல்லிடுச்சே. உங்கிட்ட ரெண்டு வருஷத்துது சும்மா கெடக்கு. அவனுக்குக் கொஞ்சந்தான் குறையுது."

கணக்கு ஒன்றானது உண்மைதான். தொழிற்பள்ளியில் வெல்டிங் படித்தவர்கள் ஒரு கணிதத் தேர்வில் தேறிவிட்டால், அங்கே படித்து வாங்கிய கிரெடிட் புள்ளிகளோடு நேராக இன்ஜினியரிங் கல்லூரியின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். அதேபோல, கல்லூரிப் பிள்ளைகளும் பட்டறைப் பாடத்தில் கிரெடிட் வாங்காமல் இரண்டாம் ஆண்டுக்குப் போக முடியாது. அவள் கணிதத்தில் தேறியிருந்தாள். பெரியப்பா மகன், தீப்பொறி பட்டால் சட்டை வீணாகும் என்று வருடம் முழுக்கப் பட்டறைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை.

பெரியப்பா அப்படிக் கேட்டதில் அதிசயம் ஒன்றுமில்லை. அந்த வீட்டில் எல்லாமே அப்படித்தான் நடந்தது. தம்பியின் லாரிச் சம்பளமும், தம்பி மகளான அவள் இரும்புக் கேட் செய்யும் பட்டறையில் சம்பாதிப்பதும் அவர் கைக்குப் போகும். அங்கிருந்து அவர் மகனுக்குப் போகும். அவள் சம்பாத்தியத்தில் வந்த வண்டியில் அண்ணன் கல்லூரிக்குப் போனான். அவள் பஸ்ஸில் தொங்கினாள். ஒற்றுமையான குடும்பம் என்று தெருவே மெச்சியது. மெச்சாமல் என்ன, பிடுங்கப்பட்டவள் சத்தம் போட்டால்தானே தெருவுக்குக் கேட்கும்!

மறுநாள் அவளையும் மகனையும் இழுத்துக்கொண்டு கல்லூரி அலுவலகத்துக்கே போய்விட்டார். கவுன்டரில் இருந்த அம்மாள் அவர் சொன்னதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

"படிச்சவங்களுக்குத்தாங்க கிரெடிட். ஒருத்தர் சாப்பிட்டா இன்னொருத்தருக்குப் பசி போகுமா?"

"ஒரே வீடும்மா. என் தம்பி மகதான்."

"ஒரே வயிறா இருந்தாலும் மாத்த முடியாது." அந்த அம்மாள் அவள் பக்கம் திரும்பினாள். "நீ ஏன் இன்னும் வந்து சேரல? வெள்ளிக்கிழமையோட முடியுது. அடுத்த வருஷம் வந்து நின்னா பழைய கிரெடிட் செல்லாது, தெரியுமில்ல?"

அவளுக்குத் தெரியும். ஒரு மாதமாக வீட்டில் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். 'பார்க்கலாம்' என்ற ஒரே பதில்தான் கிடைத்தது. வீடு திரும்பி, செருப்பைக் கழற்றியதும் பெரியப்பாவின் தீர்ப்பு வந்துவிட்டது.

"இந்த வருஷம் நீ சேர வேண்டாம். அவன் பட்டறையை முடிக்கட்டும். அடுத்த வருஷம் ரெண்டு பேரும் சேர்ந்து போங்க."

"அடுத்த வருஷம் செல்லாதுன்னு உங்க காதுபடத்தானே சொன்னாங்க."

"அண்ணங்காரன் முதல் வருஷத்துலயே உக்காந்திருக்க, தங்கச்சி ரெண்டாம் வருஷம் போறதா? நாலு பேர் முன்னாடி நான் எங்க போய் முகத்தை வச்சுக்கிறது? அதுவும் வெல்டிங் அடிச்சுட்டு வந்தவ."

வெல்டிங். அந்தச் சொல்லை எச்சிலைத் துப்புவது போலத்தான் அவர் எப்போதும் சொல்வார். பள்ளியில் அண்ணனைவிட அதிக மதிப்பெண் வாங்கியவளைத் தொழிற்பள்ளிக்கு அனுப்பியவரும் அவர்தான். சொந்தக்காரர்கள் கேட்டால் 'ஏதோ டிசைன் படிக்கிறா' என்று மறைத்தவரும் அவர்தான். சோறு போட்ட வேலையைச் சொல்ல வெட்கப்பட்டவர், அந்தச் சோற்றைத் தின்ன ஒருநாளும் வெட்கப்படவில்லை.

அவள் அப்பாவைப் பார்த்தாள். "எங்கண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்று அவர் லாரிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். பெரியப்பாவை வெறுப்பது சுலபம். அப்பாவை என்ன செய்வது?

வியாழக்கிழமை சாயங்காலம் அண்ணன் கொஞ்சம் இரும்புப் பட்டையோடு வந்து நின்றான்.

"பட்டறைக் கிரெடிட்டுக்கு ஒரு சின்ன ஸ்டூல்தான் வெல்டிங் பண்ணிக் கேக்குறாங்க. நீ பண்ணினா அரை மணி நேரம். நான் பண்ணினதா காட்டிக்கிறேன்."

"உனக்கு வெக்கமா இல்லையாண்ணா?"

"இருக்கு. ஆனா எனக்கு அந்த நெருப்பைப் பார்த்தா பயமா இருக்கு."

இவ்வளவு நாளில் அவன் சொன்ன ஒரே உண்மை அதுதான். அவளுக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது.

"எனக்கும் முதல் மாசம் பயந்தான். பட்டறைக்கு வா, பக்கத்துல நின்னு சொல்லித் தரேன். செஞ்சு மட்டும் தர மாட்டேன்."

வெள்ளிக்கிழமை காலை, பொறி பட்டு ஓட்டை விழுந்த நீலச் சட்டையோடு, "போயிட்டு வரேன்" என்று கிளம்பினாள். பெரியப்பா பேப்பரிலிருந்து தலை தூக்கவில்லை. பட்டறைக்குப் போகிறவளை அந்த வீட்டில் யாரும் தடுத்ததே கிடையாது. அதே சட்டையோடு கல்லூரியில் போய்ச் சேர்ந்தாள்.

சாயங்காலத்துக்குள் விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் வீடு திரும்பியபோது வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

"பொண்ணு நேரா ரெண்டாம் வருஷமாமே. பையனோடது என்னாச்சு?"

பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அவன் பட்டறைப் பாடத்தை நல்லா ஊன்றிப் படிக்கட்டும்னு ஒரு வருஷம் நிறுத்தியிருக்கேன். புத்தகப் படிப்பு மட்டும் இருந்து என்ன பிரயோஜனம் சொல்லுங்க? கைத்தொழிலும் படிப்பும் ஒண்ணுதான். வெல்டிங்ல என்ன கேவலம் இருக்கு?"

"நான் படிச்சப்ப அது என்னவா இருந்துச்சு பெரியப்பா?" என்று கேட்டாள் அவள்.

பெரியப்பா பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

அவளுக்குப் பின்னால் அடுப்படிக் கதவு திறந்தது. அம்மா ஈரக் கையோடு வாசல்வரை வந்து, அத்தனை வருடத்தில் முதல் முறையாக பெரியப்பாவுக்கு நேரே நின்றாள்.

"கேவலமாத்தான் இருந்துச்சு. இப்ப உங்க பையனுக்கு வந்ததும் நல்ல படிப்பா ஆயிடுச்சு."